பழைய கணினி எங்கே தடுமாறுகிறது?

ஐந்தாறு வருடம் உழைத்த கணினி மெதுவாகிவிட்டால், யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ப்ராசஸர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க." நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. மெதுவாக ஓடும் நிரலைச் சரிசெய்ய உட்கார்ந்தால் நாங்கள் முதலில் செய்வது அளந்து பார்ப்பது. நேரம் எங்கே செலவாகிறது என்று தெரியாமல் கைவைத்தால் உழைப்பு வீண். கணினிப் பெட்டிகளைத் திறந்து, பாகங்களை மாற்றிப் பார்த்த அனுபவத்தில், வன்பொருளுக்கும் இதுவே சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

இதற்குக் கணக்கே உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் புகழ்பெற்ற கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதம், பின்னர் ஆம்டால் விதி என்று பெயர் பெற்றது. அவர் பேசியது பல ப்ராசஸர்களைச் சேர்த்து ஓட்டுவதைப் பற்றி. ஆனாலும் அந்தக் கணக்கு இங்கேயும் செல்லும். ஒரு வேலைக்கு 10 நிமிடம் ஆகிறது; அதில் 8 நிமிடம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகள் வருவதற்கான காத்திருப்பு, 2 நிமிடம்தான் ப்ராசஸரின் வேலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு வேகமான ப்ராசஸரைப் போட்டால் மிச்சமாவது ஒரே ஒரு நிமிடம். காத்திருப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் மொத்த வேலையும் 3 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அளப்பதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். கணினி திணறும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டு, ப்ராசஸர் 15 சதவீதத்தில் சும்மா இருந்தால், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கோடு வந்த பழைய கணினிகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இந்தக் காட்சியைத்தான்.

காரணம் ஹார்ட் டிஸ்க்கின் உடலமைப்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்கச் சுமார் 8.3 மில்லிவினாடி ஆகும். தேவையான தகவல், அதைப் படிக்கும் தலைமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல். அதற்கு முன் அந்தத் தலைமுனை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8 மில்லிவினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 12 மில்லிவினாடி. ஒரு வினாடிக்கு 80 கோப்புகளைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். மடிக்கணினிகளில் வந்த 5,400 சுற்று டிஸ்க்குகள் இன்னும் மெதுவானவை. நீளமான சினிமாக் கோப்பு ஒன்றைப் படிப்பதென்றால் தொல்லையில்லை. தட்டு சுற்றச் சுற்ற அடுத்தடுத்த தகவல் வந்துகொண்டே இருக்கும். எங்கள் வேலை அப்படிப்பட்டதல்ல. இணையதளத் திட்டம் ஒன்றின் துணை நூலகங்களை இறக்கினாலே பல்லாயிரம் சின்னக் கோப்புகள் வந்து குவியும். அப்படிச் சிதறிய 40,000 கோப்புகளைப் படிக்க 12 மில்லிவினாடி வீதம் 8 நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாகப் போடும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலைமுனையும் இல்லை. மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் சிப்புகள் மட்டும்தான். ஒரு கோப்புக்கு 0.1 மில்லிவினாடி என்று எடுத்துக்கொண்டால் அதே வேலை 4 வினாடி. மதர்போர்டு, ப்ராசஸர் எதையும் தொடாமல் ஒரு கணினிக்கு மறுபிறவி தருவது இந்த ஒரு மாற்றம்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி. வினாடிக்கு 550 எம்.பி. அளவில் நின்றுவிடும், என்.வி.எம்.இ. வகை 3,500 எம்.பி.யைத் தாண்டும் என்று கடையில் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பழைய மடிக்கணினியில் 2.5 அங்குல சாட்டா இடம் மட்டுமே இருந்தால் அதற்காக மனம் தளர வேண்டாம். பெரிய காத்திருப்பு முதல் மாற்றத்திலேயே போய்விடுகிறது. அதற்கு மேல் வரும் வேகம் அன்றாட வேலையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. இதுவும் ஆம்டால் கணக்குத்தான்.

விலை மலிந்த எஸ்.எஸ்.டி.களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கொள்ளளவுக்கு இரண்டு விலை இருந்தால், மலிவானது ஒவ்வொரு செல்லிலும் 4 பிட்டுகளை அடைக்கும் கியூ.எல்.சி. வகையாக இருக்கக்கூடும். அதற்கு 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் எழுதுவது தாமதமாகும். ஒரு பகுதியைத் தற்காலிகமாக வேக இடமாக ஒதுக்கி அந்தத் தாமதத்தை மறைத்துவைப்பார்கள். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது அந்த இடம் நிரம்பியதும் வேகம் சட்டென்று விழும். படம், ஆவணம் வைத்துக்கொள்ள இது போதும். கண்டெய்னர்களும் டேட்டாபேஸும் நாள் முழுக்க எழுதித் தள்ளும் கணினிக்கு நான் 3 பிட் வகையையே வாங்குவேன்.

அடுத்தது ரேம். இது தீர்ந்தால் இயங்குதளம் சும்மா இருக்காது. உடனடித் தேவையில்லாத பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பி இடம் பண்ணும், தேவைப்பட்டதும் திரும்ப இழுக்கும். ரேமைத் தொட 100 நானோவினாடி போதும். ஹார்ட் டிஸ்க்கைத் தொட 12 மில்லிவினாடி, அதாவது லட்சம் மடங்குக்கு மேல். பிரவுசரில் முப்பது டேப், பக்கத்தில் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் என்று ஓடும் 8 ஜி.பி. கணினி உறைந்து நிற்பது இதனால்தான். கூடுதல் ரேம் வாங்கும்போது, முடிந்தால் இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவில் போடுங்கள். டி.டி.ஆர்.4-3200 வகைக் குச்சி ஒன்று வினாடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரண்டு சேர்ந்தால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே பயன்படும்.

வெப்பத்தைப் பற்றிச் சென்னையில் இருப்பவர்களிடம் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஹீட்சிங்க், ப்ராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. அறை 10 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும். 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடி மே மாத மதியத்தில் மட்டும் திணறும் கணினிக்குத் தேவை புதுப் பாகமல்ல. ஃபேனில் அடைந்த தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினால் போதும். அந்தப் பேஸ்ட் உலோகங்களுக்கு இடையில் சிக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிட அது நூறு மடங்குக்கு மேல் தேறும்.

நிரலாளர்களுக்கு மட்டுமே நேரும் சோதனை ஒன்றும் உண்டு: பிழை நிரலிலா, இயந்திரத்திலா? 1990-களில் லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்தவர்களுக்கு 'சிக்னல் 11' என்ற செய்தி நன்றாகப் பழக்கம். ஜி.சி.சி. கம்பைலர் பாதியில் சாகும்; மறுபடி ஓட்டினால் வேறொரு கோப்பில் சாகும். நிரலில் பிழை இருந்தால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் விழும். விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் முதலில் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். இன்றும் இந்தச் சோதனை பொய்க்கவில்லை. காரணம் புரியாமல் கணினி விழுந்தெழுந்தால் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் பில்லைக் கிழிக்கவே கூடாது.

சென்னை ரிச்சி தெருவுக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போகும் முன் பழைய ரேமின் ஸ்டிக்கரையும் மதர்போர்டின் மாடல் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 டெஸ்க்டாப் குச்சிகள் இரண்டுக்கும் 288 கால்கள்தான். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தமும் வேறு. எம்.2 எஸ்.எஸ்.டி.யில் குழப்பம் இன்னும் அதிகம். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; ஒன்று சாட்டா மொழி பேசும், இன்னொன்று என்.வி.எம்.இ. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தும் கணினிக்குத் தென்படாமல் போவது இதனால் நேரும். கையேட்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸரையும் கேட்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக நல்ல கணினிகள் குப்பைக்குப் போவது எனக்கு வேதனை தருகிறது. எஸ்.எஸ்.டி.யும் போதிய ரேமும் உள்ள ஏழாம் தலைமுறைக் கணினியில் லினக்ஸ் தடையின்றி ஓடும். நிரல் எழுதவும், கல்லூரிப் பாடத்துக்கும் அது தாராளம்.

இத்தனையும் பாகங்களைக் கழற்ற முடிகிற கணினிகளுக்குத்தான். ஆப்பிள் 2012-ல் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேமை மதர்போர்டோடு பற்றவைத்தது. மெலிந்த மடிக்கணினிகள் பலவும் இன்று அதே வழியில் போகின்றன. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்.பி.டி.டி.ஆர். வகை ரேமை நீண்ட கம்பித்தடத்தில் வேகமாக ஓட்டுவது கடினம் என்பது அதற்கான நியாயமான காரணம். அதையும் கழற்றி மாட்டும்படி செய்யும் எல்.பி.கேம்2 என்ற அமைப்பு வந்துவிட்டது. லெனோவோவின் திங்க்பேட் பி1 மாடலில் 2024-லேயே இடம்பிடித்தது. அது பரவலாகும் வரை, மடிக்கணினி வாங்கும்போது ப்ராசஸரின் பெயரைக் கேட்கும் முன் ரேம் ஸ்லாட் எத்தனை, அதில் காலியாக இருப்பது எத்தனை, எம்.2 இடம் இன்னொன்று உண்டா என்று கேளுங்கள். பதில் தெரியாது என்று கடைக்காரர் சொன்னால், அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்தில் இறக்கிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.