ஊடலும் பத்திமையும்

அகத்திணை உரிப்பொருள் ஐந்தனுள் பிரிதலும் இரங்கலும் பத்திப் பாடல்களிற் பெற்ற இடம் நன்கறியப்பட்டது. இறைவனைக் காணாது ஏங்கும் உயிரின் வேட்கைக்கு அவை இயல்பாகவே பொருந்துவன. ஆயின், ஊடல் ஆண்டுப் புகுந்தது எங்ஙனம்? குற்றமற்றவன் எனப் போற்றப்படும் இறைவனிடம் சினங்கொள்ளுதல் அன்பிற்கு இழுக்காகாதோ? இவ்வினாவிற்கு விடை காண முயல்வாம்.

முதற்கண் திருக்குறளை நோக்குவாம். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள் களவியலுக்கு உரியன 7. கற்பியலுக்கு உரியன 18. இறுதி மூன்றும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என ஊடலையே பொருளாகக் கொண்டன. புலவி உணவிற்கு உப்புப் போல அளவோடு அமைதல் வேண்டும் என்பார் வள்ளுவர்; நீடிப்பின் உப்பு மிக்க உணவாய்க் கெடும். மணந்து வாழ்வார்தம் காதல் பழக்கத்தால் மங்காதவாறு காப்பது அளவறிந்த ஊடலே என்பது இதனாற் பெறப்படும்.

மருதப் பாடல்களில் ஊடற்குப் பெரும்பான்மையும் காரணம் தலைவனது பரத்தமை. அத்தவற்றை ஊடலின் சுவை கொண்டு மறைத்தல் நேரிதன்று. வள்ளுவரோ, தலைவன்பால் தவறில்லையாயினும் அவன் அளியை மிகுவிக்கும் வன்மை ஊடற்கு உண்டு என்று ஊடலுவகையின் முதற் குறளிலேயே கூறுகின்றார். குற்றமற்றவனிடத்தும் ஊடலாம் என்பதற்கு இலக்கிய இடம் இங்கே அமைகின்றது.

இனித் திருவாய்மொழி. 6ஆம் பத்தின் முதற்றிருவாய்மொழியில் தலைவி பறவைகளைத் தூது விடுகின்றாள். இரண்டாவதில், வந்த தலைவனை ஏலாது, தன் பந்தையும் கழலையும் தந்துவிட்டு அகலுமாறு கூறுகின்றாள். இதனைப் பிரணயரோஷம் என்பர் உரைகாரர். மூன்றாவது, முரண்பட்ட பொருள்களெல்லாம் தானாய் நிற்பவனைப் பாடுகின்றது. ஊடியவளையும் தன்னொடு பொருத்திய அவன் ஆற்றலே அவ்வியப்பிற்குக் காரணம் என உரைமரபு இயைபு காட்டும்.

ஈண்டுத் தலைவி சுட்டும் குறை யாது? அவன் அருளைப் பிற மகளிரும் பெறுகின்றனர் என்பதே. எல்லார்க்கும் பொதுவாதல் இறைமைக்குக் குணம்; அவனைத் தனக்கே உரியனாக விழையும் நெஞ்சிற்கு அக்குணமே குற்றமாய்த் தோன்றுகின்றது. எனவே குறை அவனிடத்ததன்று. விழைவின் மிகுதியில் உள்ளது.

ஏதிலாரோடு ஊடுவார் இலர். இரப்போர்க்கும் ஊடும் உரிமை இல்லை. பிரிவுப் பாடல் வேட்கையின் ஆழத்தைக் காட்ட, ஊடற்பாடல் உறவின் உரிமையைக் காட்டுகின்றது. ஆதலின், ஊடல் பத்திக்கு இழுக்கன்று. அது முதிர்ந்த நிலையின் அடையாளம் எனத் துணிதல் தகும்.