கூடுதல் சேவலை என் செய்வது?

நெசவுக்கும் பயிருக்கும் துணையாக நாட்டுக்கோழி வளர்க்கும் அங்கத்தினர் பலர் கேட்கும் கேள்வி இது. அடை வைத்த முட்டைகள் 21 நாளில் பொரிக்கின்றன. குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவலாகவே அமையும். பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். முட்டை மட்டும் வேண்டுவோர்க்கு அதுவும் தேவையில்லை. சேவலின்றியே பெட்டை முட்டையிடும். எஞ்சிய இளஞ்சேவல்கள் தமக்குள் பொருதும், பெட்டைகளையும் துன்புறுத்தும்.

அவற்றை விற்றுவிடுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஒரு வீட்டுச் சேவல் தாயோடும் உடன்பிறந்த பெட்டைகளோடும் தொடர்ந்து இணைந்துவரின் பொரிப்புக் குறையும், குஞ்சுகள் நலியும். நமக்கு மிகுதியான சேவலே வேற்றூர்ப் பெட்டைகளுக்கு நல்ல துணையாகும். வேம்பார்க் கரையிலுள்ளவர் கோவில்பட்டிக் கரிசல் நிலத்தாரோடு சேவலை மாற்றிக்கொண்டால் இருவர் மந்தையும் செழிக்கும், கைப்பொருளும் செலவில்லை.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடப்பட்டதா எனக் கேட்டறிந்தே சேவலைப் பெறுக. அந்நோய் வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. இரண்டு வாரம் தனியிடத்தில் வைத்துக் கவனித்தபின், கோழிகள் அடைந்த இரவுவேளையில் கூட்டில் சேர்த்தால் சண்டை குறையும்.

சேவற்கட்டுக்காரர் அதிக விலை தரக்கூடும். ஆனால் பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அவ்விலைக்கு நம் அங்கத்தினர் இணங்கலாகாது.

மிகுதியுடையாரையும் தேவையுடையாரையும் சேர்த்துவைப்பதே கூட்டுறவு. சேவலின் வயதையும் தடுப்பூசி விவரத்தையும் சக அங்கத்தினரிடம் தெரிவித்தால், அதற்கேற்ற வீடு எளிதில் கிட்டும்.