பெரிய கோப்பென்றால் பயப்படும் ப்ராக்ஸி

கல்லூரி ஆய்வகம் ஒன்றில் நாற்பது கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 300 எம்பி அப்டேட் ஒன்றை நாற்பதும் தனித்தனியே இறக்கினால் வெளி இணைப்பில் 12 ஜிபி ஓடும். நடுவில் ஒரு ப்ராக்ஸி சர்வர் இருந்து, முதல் கணினிக்கு வாங்கித் தரும்போதே ஒரு நகலைத் தன் வட்டில் வைத்துக்கொண்டால் 300 எம்பியோடு கதை முடிந்தது.

ஆனால் 1996 முதல் புழக்கத்தில் இருக்கும் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸியில் வட்டுக் கிடங்கை மட்டும் அமைத்துவிட்டு மற்ற அமைப்புகளைத் தொடாமல் விட்டால் இது நடக்காது. 4 எம்பிக்கு மேற்பட்ட எதையும் அது வட்டில் சேர்க்காது. கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. 700 எம்பி ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றை உள்ளே விட்டால், 10 கேபி அளவுள்ள எழுபதாயிரம் படங்கள் இடமிழக்கும். எத்தனை கோரிக்கைகளுக்குக் கிடங்கிலிருந்தே பதில் தந்தோம் என்று எண்ணினால் சின்னக் கோப்புகள்தான் லாபம். எத்தனை பைட் மிச்சம் என்று பார்த்தால் பெரியவை. ஸ்க்விட்டில் ஜிடிஎஸ்எஃப் என்ற வெளியேற்றும் முறை முதல் கணக்குக்கு, எல்எஃப்யுடிஏ இரண்டாவதுக்கு. ஆய்வகத்துக்கு இரண்டாவதுதான் சரி. 4 எம்பி வரம்பையும் கூடவே உயர்த்த வேண்டும்.

இதைவிடச் சுவாரசியமானது, பாதியில் கைவிடப்பட்ட டவுன்லோடு. கேட்டவர் ‘கேன்சல்’ அழுத்திவிட்டுப் போய்விட்டார். ப்ராக்ஸி என்ன செய்ய வேண்டும்? மீதி 16 கேபிக்கும் குறைவு என்றால், ஸ்க்விட் தானே வாங்கி முடித்துக்கொள்ளும். இல்லையென்றால் அதுவும் நிறுத்திவிடும். இந்த வரம்பை மாற்றி ‘எப்போதும் முடி’ என்றும் சொல்லலாம். அப்போது 2 ஜிபி கோப்பில் ஒரு நொடி பார்த்துவிட்டு ஓடிய ஒருவருக்காக, கேட்க ஆளில்லாமல் சர்வர் முழுக் கோப்பையும் இழுத்துக்கொண்டிருக்கும். கைவசம் இணைப்பு தாராளமாக இருந்தால் ஒழிய அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இத்தனையும் ஹெச்டிடிபி வழியாக வரும் கோப்புகளுக்குத்தான். ஹெச்டிடிபிஎஸ் என்றால் எந்தத் தளத்துக்குப் போகிறது என்பது மட்டுமே ப்ராக்ஸிக்குத் தெரியும். எந்தக் கோப்பு என்பது தெரியாது. தெரியாததைச் சேமிக்க முடியாது. இன்றைய இணையத்தில் பெரும்பகுதி இப்படித்தான்.

டெபியன் இங்கே தப்பித்துக்கொள்கிறது. அதன் களஞ்சியங்கள் கோப்புகளைச் சாதாரண ஹெச்டிடிபியிலும் தருகின்றன. அந்தக் கோப்புகளின் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும், ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எண் இருக்கும். நகல் யார் கையிலிருந்து வந்தாலும், ஒரு பைட் மாறியிருந்தால் டெபியனின் நிறுவல் நிரலான ‘ஆப்ட்’ அதை ஏற்காது.