பனியை உருக்கி அளக்கிறார்கள்

மேலக்காட்டிலே கொட்டுகிற மழை கீழக்காட்டிலே தூறாது. உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அமெரிக்காவிலே கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் இதுவே வினையாயிற்று. ஊரின் மேற்கே ஓர் அடிக்கு மேல் மழை, கிழக்கே சொற்பம். வெள்ளத்தில் 5 பேர் மாண்டார்கள். மறு வருஷமே அங்குள்ள பல்கலைக்கழகத்தார் பொதுமக்களைக் கொண்டு வீட்டுக்கு வீடு அளக்கத் தொடங்கினார்கள்.

ஆலங்கட்டிக்கு, அலுமினியத் தாள் சுற்றிய தெர்மோகோல் பலகை. விழுந்த பள்ளமே கல்லின் பருமனைச் சொல்லிவிடும். குளிர்காலப் பனிதான் சிரமம். உயரத்தை அளந்தால் போதுமா? உருகினால் எத்தனை தண்ணீர் என்பதல்லவா உழவனுக்கு வேண்டும்! மழைமானியில் விழுந்த பனியிலே அளந்து வெதுவெதுப்பான நீரை ஊற்றி உருக்குகிறார்கள். ஊற்றியதைக் கழித்தால் மிச்சம் பனியின் தண்ணீர். புயல்காற்று அடித்தால் பனி மானிக்குள் சரியாக விழாது. அன்றைக்குப் பலகைமேல் கிடக்கிற பனியை வெட்டியெடுத்து உருக்குவார்கள்.