ஆறு மாதப் பிள்ளைக்கு முதல் உணவு: மாமி சொல்வதா, மிட்வைஃப் சொல்வதா?

கணவரின் தொழில் காரணமாக காரைநகரில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் அண்மையில் தொலைபேசியில் கேட்டார். "பிள்ளைக்கு அஞ்சு மாசம் முடியப் போகுது. மாமி இப்பவே ரஸ்க் கரைச்சுக் குடுக்கச் சொல்லுறா. உம்மா கஞ்சித் தண்ணி போதும் எண்டுறா. யூடியூப்பில பிள்ளையையே கையால எடுத்துச் சாப்பிட விடச் சொல்றாங்க. மிட்வைஃப் மிஸ் ஆறு மாசம் முடியட்டும் எண்டுட்டா. நான் யார் சொல்லைக் கேக்கிறது?"

மாமியைக் குறை சொல்ல முடியாது. அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் நான்கு மாதத்தில் உணவு தொடங்கலாம் என்பதே வைத்தியர்களின் ஆலோசனையாகவும் இருந்தது. 2001இல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நமது கிளினிக்குகளில் சொல்லப்படுவதும் அதுவே.

ஆறு மாதத்தில் அப்படி என்ன நடக்கிறது? கருவறையிலிருந்து பிள்ளை சேமித்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து அந்தக் காலத்தில் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அதேவேளை பிள்ளையின் தலை நிமிர்ந்து நிற்கும், பிடித்தால் உட்காரும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் மறையும். முந்தினால் பால் குறையும், வயிற்றோட்டம் வரலாம். அதற்காக எட்டு மாதம் வரை பிந்துவதும் ஆபத்து. இரத்தசோகை சத்தமில்லாமல் வந்துவிடும்.

உம்மாவின் கஞ்சித் தண்ணீருக்கு வருவோம். பிள்ளையின் வயிறு ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 30 மில்லிலீற்றர்தான் கொள்ளும். ஏழு கிலோ பிள்ளை என்றால் ஒரு சிறு கோப்பை. அதைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், உடல் நிறையாது. கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத தடிப்பில் உணவு இருக்க வேண்டும். முதல் நாட்களில் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று தடவை, பிறகு மூன்று நான்கு தடவை. தாய்ப்பாலும் தொடர வேண்டும்.

சோறும் பருப்பும் நன்றாக மசித்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் தொடங்கலாம். ஆனால் பல வீடுகளில் மாதக்கணக்காக அதோடேயே நின்றுவிடுகிறார்கள். அவித்த முட்டை, மீன், கோழி ஈரல் ஆகியவற்றையும் ஆறாம் ஏழாம் மாதத்திலேயே தொடங்க வேண்டும். மீனிலும் ஈரலிலும் இரும்பு உடலுக்கு எளிதில் சேரும் வடிவில் இருக்கிறது. முருங்கையிலையும் நல்லதுதான், பக்கத்தில் பப்பாசியோ தோடம்பழமோ இருந்தால் கீரையின் இரும்பு கூடுதலாகச் சேரும். தேத்தண்ணீர் அதைத் தடுக்கும், பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

தீவுப் பகுதியில் மீனுக்குக் குறையில்லை. முள் இல்லையே என்று சுறாவை எடுக்க நினைப்பவர்கள் உண்டு. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும்; சின்னப் பிள்ளைக்கு ஏற்றதல்ல. சிறிய மீனை அவித்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்துக் கொடுப்பதே நல்லது.

தண்ணீர்தான் அங்கே பெரிய பிரச்சினை. தீவுகளில் பல கிணறுகள் உவர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகளில் உரத்தால் சேரும் நைத்திரேற்றும் அப்படித்தான். பிள்ளையின் சிறுநீரகம் உப்பைத் தாங்கும் அளவுக்கு வளரவில்லை. எனவே பிள்ளைச் சாப்பாட்டுக்கு மட்டுமாவது குடிதண்ணீரைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வயது வரை கறியுப்பும் சீனியும் சேர்க்கத் தேவையில்லை. ரஸ்க்கிலும் பெட்டி மாவிலும் சீனி ஏற்கெனவே இருக்கலாம். சுவிட்சர்லாந்தில் சீனி சேர்க்காமல் விற்கப்படும் குழந்தை மா வகைகள் வறிய நாடுகளில் சீனி சேர்த்து விற்கப்படுவதை 2024இல் 'பப்ளிக் ஐ' அமைப்பு வெளிக்கொணர்ந்தது. பெட்டியில் ஹலால் முத்திரையைத் தேடும் நாம் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

தேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேனில் ஷிஃபா உண்டு என்பது அல்குர்ஆன் சொன்னது (16:69), அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துக்கள் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். மூச்சுத் தசைகளே தளர்ந்துவிடும். தஹ்னீக் சுன்னத்தைக் காரணம் காட்டித் தேன் தடவுவோர், அபூ மூஸா (ரழி) அவர்களின் குழந்தைக்கு நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தாலேயே தஹ்னீக் செய்தார்கள் என்பதை நினைவிற்கொள்ளட்டும்.

யூடியூப் சொல்லும் முறையிலும் உண்மை இருக்கிறது. மசித்ததைக் கையால் தீத்தும்போதே, அவித்த பூசணித் துண்டொன்றைப் பிள்ளையின் கையிலும் கொடுக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் உட்கார்த்தி வைத்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளை ஓங்காளித்து இருமினால் பதற வேண்டாம், அது தானே சமாளிக்கும். சத்தமே வராமல் முகம் நீலமானால்தான் அடைப்பு. உடனே குப்புறக் கிடத்தி முதுகில் தட்ட வேண்டும். முழுக் கச்சான், முழுத் திராட்சை கூடாது. கச்சானை மாவாக அரைத்து உணவில் கலந்து கொடுக்கலாம். சிறுவயதிலேயே கொடுத்தால் கச்சான் ஒவ்வாமை பெருமளவு குறைவதை 2015இல் வெளியான இலண்டன் ஆய்வு காட்டியது. கடும் எக்ஸிமா உள்ள பிள்ளை என்றால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

பால்குடி மறக்கடிப்பதைப் பற்றிப் பேசும் வசனத்தில் (2:233) அல்லாஹ் தாய் தந்தை இருவரின் திருப்தியையும் கலந்தாலோசனையையும் குறிப்பிடுகிறான். அந்தச் சகோதரியின் கதையில் மாமி இருந்தார், உம்மா இருந்தார், யூடியூப்கூட இருந்தது. பிள்ளையின் வாப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவர் இதிலெல்லாம் தலையிடமாட்டார்" என்றார். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகும்படி சொல்லியிருக்கிறேன். மாமியையும்தான், மிஸ் சொல்வதை அவர் நேரில் கேட்கட்டும்.