ஆஸ்பத்திரிக் கிருமியும் லயத்துப் பேச்சும்

தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தாதியாகவும் சிற்றூழியராகவும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதித்து, "எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், லயத்தில் பேச்சு கிளம்பிவிடும். "அந்த வீட்டுப் பக்கம் பிள்ளைய விடாதே" என்பார்கள். பீலிக்கரையில் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். விஷயம் தெரிந்தால் இப்படிச் செய்யமாட்டோம்.

ஸ்டெபிலோகொக்கஸ் என்றொரு கிருமி உண்டு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருடைய மூக்கில் அது சும்மா குடியிருக்கிறது. கெடுதல் எதுவும் செய்யாது. ஆனால் அட்டை கடித்துச் சொறிந்த இடத்திலோ, கவ்வாத்துக் கத்தி வெட்டிய இடத்திலோ புகுந்தால் சீழ் கட்டும். ஆபரேஷன் காயத்தில் புகுந்து இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

முதலில் பெனிசிலின் இதைக் கொன்றது. கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. 1959இல் மெதிசிலின் என்ற புது மருந்து வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமியை இங்கிலாந்தில் கண்டார்கள். அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. அமொக்சிலின், குளோக்சசிலின் குளிசைகள் இதற்குச் சரிவராது. வேறு மருந்துகள் உண்டு, பல வேளை ஊசியாக ஏற்றவேண்டி வரும்.

வாட்டில் ஒரு நோயாளியைத் தொட்ட கை, கழுவாமல் அடுத்தவரைத் தொடும்போது கிருமியும் கூடவே போகிறது. வேலை செய்பவரின் மூக்கிலும் அப்படித்தான் ஏறுகிறது. அவர் நோயாளி அல்ல, கிருமியைச் சுமப்பவர், அவ்வளவுதான். அந்த வேலையால் வந்ததற்கு அவரையே குற்றம் சொல்வது என்ன நியாயம்?

டாக்டர் தேவை என்று கண்டால் முப்பிரோசின் என்ற களிம்பை மூக்குத் துவாரங்களில் பூசச் சொல்வார். சாதாரணமாக ஐந்து நாட்கள், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. அதோடு குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நீரால் தினமும் உடம்பு கழுவவேண்டும். துவாய், தலையணை உறையையும் மாற்றித் துவைக்கவேண்டும். பிறகு மறுபடி பரிசோதிப்பார்கள். சிலருக்குத் திரும்பவும் வரும், அதற்காகப் பயப்படவேண்டியதில்லை. இந்தக் களிம்பை மற்றவர்கள் வாங்கிப் பூசக்கூடாது, கிருமி இதற்கும் பழகிவிடும்.

அந்த வீட்டாரோடு பேசலாம், சாப்பிடலாம், பிள்ளைகள் விளையாடலாம். துவாய், சவர அலகு மட்டும் ஆளுக்கொன்றாக இருக்கட்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. காயம் இருந்தால் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

நமக்குள்ள பெரிய கவலை வேறு. கால் புண்ணுக்கு டவுன் பாமசியில் நாலு குளிசை வாங்கி, ரெண்டைப் போட்டுவிட்டு மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது நம் லயங்களில் பழக்கமாகிவிட்டது. கிருமி மருந்துக்குப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. டாக்டர் தந்த குளிசையை அவர் சொன்ன நாள் வரை போடுங்கள். புண் சிவந்து சூடாகி, சீழோடு காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்கள். அண்மையில் வாட்டில் தங்கியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.