பொறியியலோடு மேலாண்மையும்

“பொறியியல் படித்தவர் எதற்காக மீண்டும் எம்.பி.ஏ. படிக்க வேண்டும்? முதலில் படித்தது வீணாகிவிடாதா?” மாணவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. ஒரு சிறு கணக்கின் மூலம் இதற்கு விடை காண்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மோட்டார் தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கு மோட்டாரின் தகட்டு மூடிகளைப் பிரஸ் இயந்திரத்தில் செய்கிறார்கள். ஆண்டுக்கு 3,600 மூடிகள் தேவை. ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை நிறுத்தி, மூடிக்குரிய டையைப் பொருத்திச் சரிபார்க்க ரூ. 450 செலவாகிறது. செய்த மூடி ஒன்றைக் கிடங்கில் ஓராண்டு வைத்திருக்க, முடங்கிய பணத்தின் வட்டியும் சேர்த்து, ரூ. 9 ஆகிறது. ஒரு தடவைக்கு எத்தனை மூடிகள் செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்தால் டை மாற்றும் செலவு ரூ. 450 மட்டுமே. ஆனால் இருப்பு 3,600இல் தொடங்கிச் சீராகக் குறைவதால், சராசரியாக 1,800 மூடிகள் கிடங்கில் கிடக்கும். அதற்கு ரூ. 16,200. மொத்தம் ரூ. 16,650! மாதந்தோறும் 300 செய்தால் மொத்தம் ரூ. 6,750. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை 600 செய்தால் டை மாற்ற ரூ. 2,700, இருப்பு வைக்க ரூ. 2,700, மொத்தம் ரூ. 5,400. இதுவே மிகக் குறைந்த செலவு. இரு செலவுகளும் சமமாகும் இடமே சிக்கனமான இடம். அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் வெளியிட்ட முறை இது.

இனிதான் முக்கியமான செய்தி வருகிறது. கணக்கு மட்டும் தெரிந்தவர் ரூ. 450 என்பதை மாறாத எண்ணாக எடுத்துக்கொள்வார். “அது ஏன் 450 ஆக இருக்க வேண்டும்?” என்று கேட்பவர் பொறியாளர். டையை விரைவாகப் பொருத்தும் அமைப்பைச் செய்து அச்செலவை ரூ. 50 ஆக்கினால், 200 மூடிகள் வீதம் செய்வதே சிக்கனம். மொத்தச் செலவு ரூ. 1,800 தான். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், மணிக்கணக்கில் நடந்த டை மாற்றத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்தார்கள். அதில் பெரும்பங்கு வகித்த ஷிகியோ ஷிங்கோ ஒரு பொறியாளர். எதை மாற்றினால் இலாபம் என்பதை மேலாண்மை காட்டும். எப்படி மாற்றுவது என்பதைப் பொறியியல் சொல்லும்.

எங்கெங்கு வேலை?

உற்பத்தித் திட்டம், கொள்முதல், சரக்குப் போக்குவரத்து ஆகிய துறைகளில் மேலே கண்ட கணக்குகள் அன்றாட வேலை. கொதிகலன், ஸ்கேன் கருவி போன்றவற்றை விற்பவர் அவை இயங்கும் விதத்தையும் விளக்க வேண்டும். காற்றாலைக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கு, அது சொன்னபடி மின்சாரம் தருமா, கடன் அடையுமா என இரண்டையும் ஆராய்பவர் தேவை. மென்பொருள் நிறுவனங்களில் எந்தப் பொருளை, யாருக்காக உருவாக்குவது என்று முடிவு செய்யும் பணி உண்டு. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை உலோகவியல் பொறியியலும் பின்னர் எம்.பி.ஏ.வும் படித்தவர், 2015இல் கூகுளின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சொந்தத் தொழில் தொடங்குபவருக்கோ இரண்டு அறிவும் அன்றாடத் தேவை.

வழி என்ன?

மேல்நிலைக் கல்விக்குப் பின் பொறியியல் 4 ஆண்டுகள், எம்.பி.ஏ. பெரும்பாலும் 2 ஆண்டுகள். 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாதிலும் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகங்கள் இன்று திருச்சி உட்படப் பல நகரங்களில் உள்ளன. அவற்றில் சேரக் ‘கேட்’ தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் ‘டான்செட்’ தேர்வும் உண்டு.

ஒன்றை மறவாதீர்கள். பெயர்பெற்ற நிறுவனங்களில் கட்டணம் பல இலட்சம் ரூபாய். பொறியியலை அரைகுறையாகப் படித்துவிட்டு எம்.பி.ஏ. காப்பாற்றும் என்று நம்பிக் கடன் வாங்குவது, குடும்பத்தின் தலையில் சுமையை ஏற்றுவதாகும். சில ஆண்டுகள் தொழிற்சாலையில் பணியாற்றிவிட்டுப் படித்தால், பாடத்தில் வரும் ஒவ்வொரு கணக்கும் கண்ணால் கண்ட இயந்திரமாக விளங்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: டை மாற்ற அதே ரூ. 450, ஆனால் விலையுயர்ந்த வேறோர் உறுப்பை ஓராண்டு வைத்திருக்க ரூ. 36 ஆகிறது. அதுவும் ஆண்டுக்கு 3,600 தேவை. ஒரு தடவைக்கு எத்தனை செய்யலாம்? (விடை: 300)